வீட்டிலேயே டாப்ளர் வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்கலாமா?

கேட்டிருப்பவருக்கு இது 13-வது வாரம். போன முறை 10-வது வாரத்தில் கரு கலைந்துவிட்டது. அந்தப் பயத்தைப் பார்த்துவிட்டுக் கணவர், வயிற்றின்மேல் வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்கும் கையடக்க டாப்ளர் கருவி ஒன்றை வாங்கி வந்திருக்கிறார். முதல் நாள் சத்தம் கேட்டது, திரையில் நிமிடத்துக்கு 152 துடிப்பு என்று காட்டியது. அடுத்த இரண்டு இரவும் ஒன்றும் கேட்கவில்லை, அழுதே விடிந்தது என்கிறார். முக்கியமான கேள்விகள் மூன்று: ஏன் கேட்கவில்லை? தினமும் வைத்தால் குழந்தைக்குச் சூடு ஏறுமா? பிரசவம் வரை இதை வைத்தே குழந்தை நன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாமா?

பிரசவ வார்டில் பல வருடம் நர்ஸாக இருந்தவள் நான். கையில் டாப்ளர் இல்லாமல் ஒரு ஷிஃப்டும் போனதில்லை. அதனால் அந்தக் கருவிமேல் எனக்கு மரியாதை உண்டு, சந்தேகமும் உண்டு.

முதலில் உங்களை அழவைத்த விஷயம். 13 வாரத்தில் குழந்தை தலையிலிருந்து பிட்டம் வரை சுமார் 7 செ.மீ. தான். கருப்பை அப்போதுதான் இடுப்பெலும்புக்கு மேலே எட்டிப் பார்க்கிறது. தொப்புள் உயரத்துக்கு அது வருவதற்கு 20 வாரம் ஆகும். முதல் தடவை வைப்பவர்கள் பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித்தான் தேடுவார்கள், வயிறு என்றாலே நம் கை அங்கேதான் போகும். அங்கே இப்போது இருப்பது உங்கள் குடல். தேட வேண்டிய இடம் அந்தரங்க ரோமம் தொடங்கும் கோட்டுக்குச் சற்று மேலே, நடுவில், புரோபை (வயிற்றில் வைக்கும் முனையை) கீழ்நோக்கிச் சாய்த்து. அதிலும் அந்த ஒலிக்கற்றை மிகக் குறுகலானது. சில மில்லிமீட்டரே இருக்கும் ஓர் இதயத்தின்மேல் அது சரியாக விழ வேண்டும். குழந்தையோ தண்ணீருக்குள் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருக்கும். இப்போது பிடித்த இடத்தில் அடுத்த நிமிடம் இருக்காது.

இதோடு இன்னும் சில சேரும். நஞ்சு, அதாவது குழந்தைக்கு உணவும் ஆக்ஸிஜனும் தரும் பிளசென்டா, கருப்பையின் முன்பக்கச் சுவரில் ஒட்டியிருந்தால் சத்தம் மங்கும். கருப்பை பின்புறம் சாய்ந்திருந்தால் இன்னும் தூரம். அடிவயிற்றில் சதை கூடுதலாக இருந்தாலும் அப்படியே. ஜெல் போதவில்லையென்றால் தோலுக்கும் புரோபுக்கும் நடுவில் காற்று புகுந்து எல்லாவற்றையும் அடைத்துவிடும். 12, 13 வாரத்தில் கையடக்க டாப்ளரில் கிடைக்காமல் நாங்களே எத்தனையோ தடவை ஸ்கேன் மெஷினை உருட்டிக்கொண்டு வந்திருக்கிறோம். திரையில் பார்த்தால் குழந்தை கால்மேல் கால் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கும். பயிற்சி உள்ளவர்களுக்கே 10 முதல் 12 வாரத்துக்கு மேல்தான் இது பிடிபட ஆரம்பிக்கும். ஆகவே அந்த இரண்டு இரவின் மௌனத்துக்கு அர்த்தம் எதுவும் இல்லை. நல்ல செய்தியும் இல்லை, கெட்ட செய்தியும் இல்லை. ரத்தப்போக்கோ வலியோ இருந்தால் அது வேறு கதை, உடனே போய்க் காட்டுங்கள். இல்லையென்றால் நாளைக் காலையில் டாக்டருக்கு போன் செய்து, "போன தடவை இப்படி ஆகிவிட்டது, பயமாக இருக்கிறது, ஒருமுறை பார்க்க முடியுமா" என்று கேளுங்கள். முன்பு கரு கலைந்தவர்களுக்கு இப்படிக் கேட்கும் உரிமை உண்டு. கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

அடுத்து அந்த 152. அது பொய் என்று நான் சொல்லவில்லை, உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த எண்ணை மெஷின் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று தெரிந்துகொண்டால் அதை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரிந்துவிடும்.

நீங்கள் கேட்டது இதயத்தின் சொந்தச் சத்தம் இல்லை. ஆம்புலன்ஸ் நம்மை நோக்கி வரும்போது சைரன் கீச்சென்று இருக்கும், கடந்து போனதும் தொனி இறங்கும். ஓடும் பொருளிலிருந்து வரும் அலை இப்படி மாறும் என்று 1842-ல் கிறிஸ்டியன் டாப்ளர் என்ற ஆஸ்திரிய இயற்பியலாளர் சொன்னார். அவர் பேசியது நட்சத்திரங்களின் நிறத்தைப் பற்றி. அவர் பெயரை இன்று கர்ப்பிணிகள் உச்சரிப்பார்கள் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார். உங்கள் புரோப் விநாடிக்கு 20, 30 லட்சம் அதிர்வுகள் கொண்ட ஒலியை உள்ளே அனுப்புகிறது. நம் காது 20,000-க்கு மேல் கேட்காது. உள்ளே அசையும் ஏதோ ஒன்றில் பட்டுத் திரும்பும் அலையில் சில நூறு அதிர்வுகள் கூடவோ குறையவோ செய்யும். அந்த வித்தியாசம் மட்டும் நம் காதுக்கு எட்டும் அளவில் இருப்பதால், மெஷின் அதையே ஸ்பீக்கரில் விடுகிறது. அவ்வளவுதான்.

"ஏதோ ஒன்று" என்று சொன்னதைக் கவனியுங்கள். அது குழந்தையின் இதயமாக இருக்கலாம், தொப்புள்கொடியில் ஓடும் ரத்தமாக இருக்கலாம், உங்கள் கருப்பைக்கு வரும் ரத்தக்குழாயாக இருக்கலாம், உங்கள் முதுகெலும்பை ஒட்டி இறங்கும் பெரிய தமனியாகவும் இருக்கலாம். அசைகிறதா என்பது ஒன்றுதான் கருவிக்குத் தெரியும், யாருடையது என்று தெரியாது. அதைப் பிரித்துச் சொல்வது கேட்பவரின் காது.

குழந்தையின் இதயம் குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடுவது போலக் கேட்கும், நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை. ஒன்பது, பத்தாவது வாரத்தில் 170-ஐக்கூடத் தொடும், பிறகு மெல்ல இறங்கும். உங்கள் கருப்பை ரத்தக்குழாயின் சத்தம் ஊதக்காற்று போல "ஷ்ஷ்... ஷ்ஷ்" என்று உங்கள் நாடியோடு சேர்ந்து வரும். அமைதியாக இருக்கும்போது இரண்டுக்கும் வித்தியாசம் எளிது. ஆனால் பயந்துபோய் நெஞ்சு படபடக்கப் படுத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். உங்கள் நாடியே 115, 120 போய்விடும். அப்போது கேட்கிற வேகமான சத்தம் குழந்தையுடையதா, உங்களுடையதா?

இன்னொரு வம்பு உண்டு. சில மெஷின்கள் ஒரு துடிப்பை இரண்டாக எண்ணிவிடும். உங்கள் நாடி 76 என்றால் திரையில் 152 வரலாம். வேகமாக அடிக்கும் குழந்தையின் துடிப்பைப் பாதியாகக் காட்டுவதும் உண்டு. ஆஸ்பத்திரியில் இருக்கிற விலை உயர்ந்த மெஷின்களே இந்தத் தப்பைச் செய்யும். அதனால்தான் பிரசவ வலியில் இருக்கும் பெண்ணுக்குத் துடிப்பு பார்க்கும்போது நர்ஸின் ஒரு கை வயிற்றிலும், மறு கை தாயின் மணிக்கட்டிலும் இருக்கும். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்: மணிக்கட்டைப் பிடிக்காமல் எண்ணைச் சொல்லாதே.

சூடு பற்றி. மாமியார் பயமுறுத்தினார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. எந்த அல்ட்ராசவுண்டும் திசுவை மிகச் சிறிதளவு சூடாக்கும், சில திசுக்களில் நுண்ணிய குமிழிகளையும் உண்டாக்கலாம். கையடக்க டாப்ளரின் சக்தி குறைவு. அதனால் குழந்தைக்குக் கெடுதி வந்தது என்று உறுதியானது எதுவும் இல்லை. நீங்கள் இதுவரை வைத்த மூன்று இரவுக்காக ஒரு நிமிடம்கூடக் குற்ற உணர்ச்சி வேண்டாம். ஆனாலும் தேவை இருந்தால் மட்டும், தேவையான நேரம் மட்டும் என்பதே இந்தத் துறையின் விதி. வார்டில் நாங்கள் ஒரு நிமிடம் வைப்போம். வீட்டில் கிடைக்கவில்லை கிடைக்கவில்லை என்று அரைமணி நேரம் தேடுகிறோமே, அதுவும் தினமும், அதற்கு எந்த மருத்துவக் காரணமும் இல்லை. அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2014 டிசம்பரில் வீட்டு உபயோகத்துக்கு எதிராக எச்சரித்தபோது சொன்னதன் சாரமும் இதுதான்: இது பயிற்சி பெற்றவர்கள், மருத்துவரின் பரிந்துரையின்பேரில் பயன்படுத்த வேண்டிய கருவி, எவ்வளவு நேரம் வைக்கிறார்கள் என்பதை வீட்டில் யாரும் கவனிப்பதில்லை.

சரி, இப்போது மூன்றாவது கேள்வி. நான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். சூட்டைவிட எனக்குப் பயம் தருவது அந்தச் சத்தம் கொடுக்கிற நிம்மதி.

டாப்ளரால் பதில் சொல்ல முடிந்த கேள்வி ஒன்றே ஒன்று: இந்த நொடி இதயம் துடிக்கிறதா? ஏழாம் மாதம், எட்டாம் மாதம் உங்களுக்குத் தெரிய வேண்டியது அது இல்லை. குழந்தைக்குப் போதுமான ஆக்ஸிஜன் போகிறதா, நஞ்சு ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதுதான். ஆக்ஸிஜன் குறைய ஆரம்பித்தால் குழந்தை முதலில் செலவைக் குறைக்கும். கைகால் ஆட்டுவதை நிறுத்தும். இருக்கிற ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிடும். கடைசியாகக் கைவிடுவது இதயத்தைத்தான். அதாவது, அசைவு குறைந்து, உள்ளே நிலைமை மோசமாகிக்கொண்டே இருக்கும்போதும் உங்கள் மெஷினில் 140 என்று அழகாகக் காட்டும். குதிரையும் ஓடும். நீங்களும் "அப்பாடா" என்று தூங்கிவிடுவீர்கள்.

இது கற்பனைப் பயம் இல்லை. 2009-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இரண்டு டாக்டர்கள் இப்படி ஒரு சம்பவத்தை எழுதினார்கள். நிறைமாதக் கர்ப்பிணி, அசைவு குறைந்திருக்கிறது என்று உணர்ந்திருக்கிறார். வீட்டு டாப்ளரை வைத்துப் பார்த்து, துடிப்பு கேட்கிறது என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கு வருவது தள்ளிப்போனது. வந்தபோது குழந்தை உயிரோடு இல்லை. அவர் கேட்டது உண்மையில் நஞ்சின் சத்தமாகவோ தன்னுடைய துடிப்பாகவோ இருந்திருக்கலாம் என்றுதான் அவர்கள் எழுதினார்கள். அந்தப் பெண்ணை நான் ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன். கையில் மெஷின் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

அதே புகாரோடு நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தால் நாங்கள் என்ன செய்வோம்? துடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது முதல் நிமிட வேலை, அதோடு முடிவதில்லை. இரண்டு பட்டையைக் கட்டி, குழந்தையின் துடிப்பையும் கருப்பையின் சுருக்கத்தையும் கோடாக வரையும் சி.டி.ஜி. என்ற மெஷினில் இருபது, முப்பது நிமிடம் கோடு ஓட விடுவோம். அந்தக் கோடு நேராக இருந்தால் எங்களுக்கு நெஞ்சு பதறும். ஆரோக்கியமான குழந்தையின் துடிப்பு ஒரே எண்ணில் நிற்காது, நொடிக்கு நொடி 5 முதல் 25 வரை மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். குழந்தை அசைந்தால் 15 துடிப்பாவது கூடி, 15 விநாடியாவது நின்று, பிறகு இறங்க வேண்டும். திடீர்ப் பள்ளங்கள் இருக்கக்கூடாது. 140 என்ற எண் நல்ல கோட்டிலும் இருக்கும், கெட்ட கோட்டிலும் இருக்கும். தேவைப்பட்டால் பனிக்குட நீர் எவ்வளவு இருக்கிறது, தொப்புள்கொடியில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று ஸ்கேனிலும் பார்ப்பார்கள். இத்தனையில் உங்கள் கையில் இருக்கும் கருவி முதல் நிமிடத்தை மட்டும்தான் செய்யும்.

அப்படியென்றால் வீட்டில் எதை நம்புவது? அசைவை. 16 முதல் 24 வாரத்துக்குள் அது தெரிய வரும். தலைப்பிரசவம் என்றால் 20 வாரம்போல ஆகலாம். ஆரம்பத்தில் மீன் புரள்வது போல, வயிற்றில் காற்று ஓடுவது போல இருக்கும், பலர் வாயு என்றே நினைப்பார்கள். 24 வாரம் ஆகியும் ஒன்றும் தெரியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். 28 வாரத்துக்கு மேல் உங்கள் குழந்தைக்கென்று ஒரு பழக்கம் வந்துவிடும். ஒன்று நீங்கள் படுத்தால்தான் ஆட்டம் போடும், ஒன்று சாப்பிட்டதும் உதைக்கும். அந்தப் பழக்கம் மாறினால்தான் நமக்குச் சேதி. சில டாக்டர்கள் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு எண்ணச் சொல்வார்கள், சிலர் எண்ணிக்கை வேண்டாம், வழக்கத்தை மட்டும் கவனி என்பார்கள். உங்கள் டாக்டர் சொல்வதைச் செய்யுங்கள். குழந்தை தூங்கினால் இருபது, நாற்பது நிமிடம் அசையாது, அதுவும் சகஜம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து தூங்குவது அபூர்வம்.

"மாதம் நெருங்க நெருங்க இடம் பத்தாது, அதனால் அசைவு குறையும்" என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். சொல்லாமல் விட மாட்டார்கள். அது தவறு. துள்ளல் மாறிப் புரளலாகலாம், ஆனால் பிரசவ வலியின்போதுகூட அசைவு இருக்க வேண்டும். இடம் பத்தாது என்ற அந்தப் பேச்சை நம்பி வீட்டில் காத்திருந்து தாமதமாக வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அசைவு குறைந்தால் டாப்ளரை எடுக்காதீர்கள், போனை எடுங்கள். நடு ராத்திரியாக இருந்தாலும் சரி. பத்து தடவை வீணாக வந்தாலும் பதினோராவது தடவை வாருங்கள். எரிச்சலோடு பார்க்கும் நர்ஸும் இருப்பார், எங்களிலும் எல்லா வகையும் உண்டு. அதற்காக வராமல் இருந்துவிடாதீர்கள்.

வீட்டு டாப்ளரே கூடாது என்று ஒரேயடியாக நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஓபி நெஸ்ட் என்ற ஒரு திட்டம் உண்டு. சிக்கல் எதிர்பார்க்கப்படாத கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தக் கருவியும் டாப்ளரும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள், நேரில் வர வேண்டிய தடவைகளைக் குறைத்தார்கள், பெண்களுக்கும் அது பிடித்திருந்தது. ஆனால் அங்கே எப்படி வைப்பது என்று கற்றுக்கொடுத்தவர் இருந்தார், மறுமுனையில் பேச ஒரு நர்ஸ் இருந்தார். மெஷின் தனியாக எதையும் முடிவு செய்யவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நான் உங்கள் அக்காவாக இருந்தால் அந்தப் பெட்டியை இப்போதைக்கு மூடி அலமாரியின் மேல்தட்டில் வைக்கச் சொல்வேன். ஒருமுறை இழந்தவர்களுக்கு இந்தக் கருவி ஒரு பொல்லாத பழக்கம். கேட்டால் அரைமணி நேர நிம்மதி, அப்புறம் மறுபடி கேட்க வேண்டும்போல இருக்கும். கேட்கவில்லையென்றால் ராத்திரி முழுக்க நரகம். அதற்குப் பதில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் ஒரு நிமிடம் துடிப்பைக் கேட்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், பல இடங்களில் மறுக்காமல் செய்வார்கள். 13 வாரத்தில் ஸ்கேனில் துடிப்பு பார்த்துவிட்டார்கள் என்றால், நீங்கள் போன முறை தாண்டாத கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். கரு கலையும் ஆபத்து இதற்கு மேல் மிகவும் குறைவு.

இல்லை, கணவர் கேட்க ஆசைப்படுகிறார், ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் பதிவு செய்து அனுப்ப வேண்டும் என்றால், 16, 18 வாரத்துக்கு மேல் எப்போதாவது ஒருமுறை, சந்தோஷத்துக்காக மட்டும் வையுங்கள். நல்ல ஜெல் தாராளமாக. எண்ணெய் தடவாதீர்கள், புரோப் கெட்டுப்போகும். மணிக்கட்டில் உங்கள் நாடியைப் பிடித்துக்கொண்டே கேளுங்கள், இரண்டும் ஒன்றாக அடித்தால் அது நீங்கள்தான். ஐந்து நிமிடத்தில் கிடைக்கவில்லையென்றால் துடைத்துவிட்டு எழுந்துவிடுங்கள். இரட்டைக் குழந்தை என்றால் இந்த விளையாட்டே வேண்டாம், ஒரே இதயத்தை இரண்டு இடத்தில் கேட்டுவிட்டு இரண்டும் நலம் என்று நினைத்துவிடுவோம்.

டாப்ளர் இல்லாமல் போனிலேயே துடிப்பைக் கேட்கலாம் என்று சொல்லும் செயலியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். போனில் இருப்பது சாதாரண மைக்கும் ஸ்பீக்கரும்தான், அதனால் இந்த ஒலியை அனுப்பவே முடியாது. 140-க்கு மேல் துடித்தால் பெண் என்பதும் கதைதான், ஆராய்ந்து பார்த்ததில் நிற்கவில்லை.

அடுத்து 18 முதல் 20 வாரத்தில் ஒரு விரிவான ஸ்கேன் வரும். அன்றைக்கு மறக்காமல் ஒன்று கேளுங்கள்: நஞ்சு முன்பக்கமா, பின்பக்கமா? முன்பக்கம் என்றால் அது மெத்தை போல நடுவில் நிற்கும், அசைவு உங்களுக்குத் தாமதமாகத்தான் தெரியும், ஆரம்ப உதைகள் லேசாகத்தான் இருக்கும். அது முன்கூட்டியே தெரிந்திருந்தால் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு 18 வாரத்திலேயே தெரிந்ததே, எனக்கு ஏன் இன்னும் இல்லை என்று இன்னொரு ராத்திரி உட்கார்ந்து அழ வேண்டியிருக்காது.